அழிக்காமல் விட்ட ஏழு வேலைகள்

போன சனிக்கிழமை என் பேத்தி காலையிலிருந்து கணினியை விட்டு எழுந்திருக்கவில்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலை அல்ல. முகம் தெரியாத பலர் ஆளுக்குக் கொஞ்சமாக இலவசமாக எழுதிச் சேர்க்கும் ஒரு மென்பொருளாம். யார் வேண்டுமானாலும் வந்து கைகொடுக்கலாமாம். புதிதாக வருகிறவர்களுக்கென்று சுலபமான வேலைகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில்தான் வில்லங்கம். "பாதி வேல எப்பவோ முடிஞ்சது தாத்தா. யாரும் அத பட்டியல்லேருந்து எடுக்கல. பாவம், யாரோ ஒருத்தர் ஒரு வாரமா உக்காந்து செஞ்சிட்டு வந்து நின்னாரு. இது முடிஞ்சிருச்சேன்னு சொன்னதும், மன்னிச்சுக்குங்கன்னு எழுதிட்டுப் போயிட்டாரு" என்றாள். சொல்லிவிட்டுப் பழையவற்றை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டில் இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அந்த வாசனை பிடிக்குமோ என்னவோ, எனக்குப் பிடிக்கும். இப்போது குடியிருக்கும் புக்கிட் பாருவில் நாற்காலியில் சாய்ந்திருந்தவன், ஒரே மூச்சில் இளவயதில் திரிந்த காஜா பெராங்குக்குப் போய்விட்டேன். கறுப்புப் பெயின்ட். பால் டின்னில் ஊற்றி, மேலே தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து மூடி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருப்போம்.

நாடு சுதந்திரம் பெறவிருந்த காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பகலில் ஒரு சைக்கிள் கடையில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் காஜா பெராங்கில் இருந்த தமிழ்ப் படிப்பகத்துக்குச் செயலாளர். படிப்பகம் என்றால் மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஓர் அறை, இரண்டு பெஞ்சு, கதவு சரியாக மூடாத ஓர் அலமாரி. ஆனால் நான் சட்டைப்பையில் பேனா செருகிக்கொண்டு, அது ஒழுகி நெஞ்சில் நீலக்கறை படிந்தது தெரியாமல், மந்திரி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

உறுப்பினர் மட்டுமே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். உறுப்பினராகச் சந்தா போதாது, படிப்பகத்துக்காக ஒரு வேலையும் செய்து முடிக்க வேண்டும். வேலைகளை வாசலில் ஒரு கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்டால் எழுதி வைத்திருந்தோம். வேலை முடிந்தால் அந்த வரியின் மேல் கறுப்புப் பெயின்ட் பூச வேண்டும். அதிலும் ஒரு கட்டுப்பாடு: எழுதியவர் எவரோ அவரே நேரில் பார்த்து, தன் கையால்தான் பூச வேண்டும். முன்பு யாரோ ஒரு புண்ணியவான் வேலையே செய்யாமல் வரியை மட்டும் பூசி உறுப்பினராகிவிட்டாராம். அதனால் வந்த விதி.

விதி நல்ல விதிதான். எழுதியவர்கள்தான் ஊரில் இல்லை. ஒருவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார், ஒருவர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர் திரும்பவில்லை, ஒருவர் காலமாகிவிட்டார். பலகையில் ஏழு வேலைகள் அப்படியே நின்றன. கிணற்றுக்கு மூடி செய்தல் என்று இருக்கும். குழாய்த்தண்ணீர் வந்ததும் கிணற்றைத் தூர்த்துவிட்டோம். அத்தாப்புக் கூரைக்கு ஓலை மாற்றுதல் என்று இருக்கும். நாங்கள் உட்கார்ந்திருந்ததோ தகரக் கூரையின் கீழ். மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லும் வரிக்கு நேர் மேலே மின்சார பல்பு எரியும்.

அப்போதுதான் அஞ்சலையக்கா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வெள்ளைச் சேலையில் தரை கழுவும் லோஷன் வாசனை வீசும். அவர் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே பெஞ்சு நிறைய ஆண்கள்.

"தம்பி, ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும் படிச்சேன். டவுனுக்கு வந்து பதினஞ்சு வருசமாச்சு. வீட்டுல ஒரு புத்தகம் கெடையாது. எழுத்து ஒவ்வொண்ணா மறந்துகிட்டு வருது. வீட்டுக்குக் கொண்டுபோயி படிச்சாதான் நிக்கும்" என்றார்.

நான் பேனாவைத் தொட்டுக்கொண்டே பலகையைக் காட்டினேன். ஏதாவது ஒரு வேலையைச் செய்யுங்கள் அக்கா என்றேன். பலகையை ஓரெழுத்து ஓரெழுத்தாகக் கூட்டிப் படித்தார். மழைவிட்ட நேரம், தெருவில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. ஏழு வரிகளையும் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அவர் தேர்ந்தெடுத்தது, பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இரண்டு வாசகர்களிடம் திரும்பாமல் நின்றுபோன புத்தகங்களை வாங்கி வருவது. விடுமுறை நாளில் பஸ் பிடித்துப் போயிருக்கிறார். அடுத்த ஞாயிறு வந்து, "ஒருத்தரு வீடே இல்ல தம்பி, தரைமட்டமாயிருச்சு. இன்னொருத்தரு, நா ரெண்டு வருசத்துக்கு முந்தியே குடுத்துட்டேனேன்னு சத்தம் போடுறாரு" என்றார். அலமாரியைத் திறந்து பார்த்தேன். அந்தப் புத்தகம் மூன்றாவது தட்டில் இருந்தது.

நிர்வாகக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். எங்கள் தலைவர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், அரசாங்க அலுவலகங்களில் செல்வாக்குள்ளவர். "வேல முடியலியே தம்பி. விதி விதிதான்" என்றார்.

"எல்லாமே பழைய வேலைங்க ஐயா. யாராலயும் முடிக்க முடியாது."

"முடியிற வேல வர்ற வரைக்கும் காத்திருக்கட்டும். இதப் போயி பெரிய சூசாவாக்காதீங்க" என்றார். சிக்கலாக்காதே என்று அர்த்தம். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உங்களிடம் மறைப்பானேன். தூர்த்த கிணற்றுக்கு மூடி செய்ததாகப் பதிந்துகொண்டு அதற்கு முந்தின வருஷம்தான் இரண்டு ஆண்கள் சேர்ந்திருந்தார்கள். பதிவேட்டில் எழுதியது என் கைதான். ஒரு பெண்பிள்ளை உள்ளே வருவதைத் தடுக்கத்தான் பழைய பட்டியல் வசதியாக இருந்தது. எங்களில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறு ஞாயிறு அக்கா ஒரு யோசனை சொன்னார். "இந்தப் பழச எல்லாம் பூசி அழிக்கிறதயே ஒரு வேலையா எழுதிருங்களேன். புதுசா எழுத செயலாளருக்கு உரிம இருக்குன்னு சொன்னீங்கள்ல? ஒரு வரி எழுதுங்க. நானே பூசித் தர்றேன், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

எவ்வளவு சுலபம்! எழுதிப்போனவர்கள் வரமாட்டார்கள், இது என் வரி, நான் நேரில் பார்த்துப் பூசினால் விதியும் நிற்கும், அக்காவும் உள்ளே வருவார். வெள்ளைப் பெயின்ட் அலமாரியில் இருந்தது. தூரிகையும் இருந்தது. ஆனால் அந்த மாதம்தான் நில அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நான் மனுப் போட்டிருந்தேன். நன்னடத்தைச் சான்று தலைவர் எழுதித் தர வேண்டும்.

"அடுத்த ஞாயிறு பாக்கலாங்க்கா" என்றேன்.

அடுத்த ஞாயிறும் அதையேதான் சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும். நாலாவது ஞாயிறு அவர் வரவில்லை.

சான்று கைக்கு வந்தது, வேலையும் கிடைத்தது. கிடைத்த மறுநாளே வீராதிவீரனாகப் போய்ப் பலகையில் எழுதினேன்: பழைய வேலைகளைக் கறுப்புப் பெயின்ட் பூசி அழித்தல். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். இரண்டு வாரம் அது அப்படியே இருந்தது. பிறகு தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். அரை மணி நேரத்தில் ஏழு வரிகளையும் பூசினார். எட்டாவதாக நின்ற என் வரியை நான் பூசினேன். எல்லாரும் அவரோடு கைகுலுக்கினார்கள். அன்றைக்கே இரண்டு புத்தகம் எடுத்துப் போனார்.

இப்போது அங்கே படிப்பகம் இல்லை; டயர் கடை. பலகை என்ன ஆனதென்று தெரியாது. தலைவரும் இல்லை, அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்களில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

அக்காவை மட்டும் அதன்பிறகு ஒருமுறை பார்த்தேன். ஒன்பது, பத்து வருஷம் கழிந்திருக்கும். என் மூத்த மகன் பிறந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். அவரே என்னை அடையாளம் கண்டு, "நல்லாருக்கீங்களா தம்பி?" என்று சிரித்தார். குழந்தையை விசாரித்தார். படிப்பகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு இடுப்பிலிருந்து மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். அச்சிட்ட தமிழ்.

"எங்க அக்கா மவளுக்குக் கல்யாணம். எந்தக் கோயில்ல, எத்தன மணிக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார்.