கை இருப்பது முதலில்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைமாடி ஒன்றில் சனிக்கிழமைதோறும் கூடும் காமிக்ஸ் வாசகர் வட்டத்தில் அன்றுதான் முதல்முறையாகப் பேசினேன். ஒரு பழைய சூப்பர் ஹீரோ குழுவின் கதைகளைப் புதிதாகப் படிக்க வருபவர் எங்கிருந்து தொடங்கலாம் என்பது தலைப்பு. ஒரு வாரம் தயார் செய்திருந்தேன்.

"நான் முடிவிலிருந்து தொடங்கினேன்" என்றதுமே வட்டத்தை நடத்துபவர் கையைத் தூக்கினார்.

"சிஸ், ஒரு நிமிஷம். முதல் இதழ்ல குழுவுல எத்தன பேரு?"

"தெரியாது."

"அதுகூட தெரியாம என்ன லா பேச வந்தீங்க?"

சிரித்தார்கள். நடத்துபவர் மைக்குக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

அப்பா கிள்ளானில் பழைய பேப்பர் லோரி ஓட்டினார். கடைக்காரர்கள் விற்காத காமிக்ஸ் இதழ்களை அட்டையைக் கிழித்து எடைக்குப் போடுவார்கள்; அவற்றை அப்பா எனக்காக வீட்டுக்குக் கொண்டுவருவார். அட்டையோடு இதழ் எண்ணும் போய்விடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தே அந்த இதழ்களை வரிசைப்படுத்துவார். குழுவில் நீலச் சட்டைக்காரன் ஒருவனுக்குப் பாதியில் ஒரு கை போய்விடும்.

"கை இருக்கறது மொதல்ல ம்மா. போனது அப்புறம்" என்று ராஃபியா கயிற்றால் இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுப்பார்.

அந்தக் கதைகளில் வெட்டிய கை மறுபடி முளைக்கும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. பேப்பர் அமுக்கும் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவர் அவர். கை முளைத்த பிறகு வந்த இதழ்களையும் முதல் கட்டிலேயே சேர்த்துவிட்டார். அதனால் முடிவில் நடந்ததை முதலிலும் நடுவில் நடந்ததைக் கடைசியிலும் படித்து வளர்ந்தேன். பல்கலைக்கழகம் போன பிறகுதான் பிழை தெரிந்தது. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

இதை அப்படியே மைக்கில் சொன்னேன்.

"கை மொளச்சதுகூட தெரியலயா? உங்கப்பா பாவம் லா" என்றார் நடத்துபவர்.

மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பாவம்னு சொல்லாதீங்க. ஒங்களுக்கு வரிசையா கடையில வாங்கிக் கொடுத்தாங்க. எங்கப்பா படிக்கத் தெரியாமலே வரிசை பண்ணாரு. ஒங்களால முடியுமா? எழுத்த மூடிட்டு ஒரு பத்து இதழ அடுக்கிக் காட்டுங்க, பாப்போம்."

அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பேச வேண்டியது இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஒரு வரி விடாமல் பேசி முடித்துவிட்டுத்தான் மைக்கை வைத்தேன். அவர் கையில் கொடுக்கவில்லை, மேசையில் வைத்தேன்.

இறங்கும்போது படிக்கட்டில், செராஸிலிருந்து அன்று புதிதாக வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கட்டு இன்னும் இருக்கா? நான் அதுலருந்தே ஆரம்பிக்கிறேன்."

என் கோபம் அப்போதும் இறங்கியிருக்கவில்லை.

"இருக்கு. ஆனா வெளிய தரமாட்டேன். கிள்ளானுக்கு வாங்க, வீட்டுல உக்காந்து படிங்க. அப்பாவும் இருப்பாரு. கை மொளச்ச கதைய மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."