பவழமல்லிக்கடியில் எங்கள் பங்கு

இதைப் படிக்கும் உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். மேடையேறினால் எதிரணியை எளிதில் இறங்க விடாதவன் என்று கல்லூரியில் எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் நான் வாதாடிய முதல் வழக்கில் வென்றது நான்தானா என்பது வெகுகாலம் எனக்கே தெரியாமல் இருந்தது.

மேற்கு மாம்பலத்தில், இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி வழிவிட வேண்டிய தெரு ஒன்றில், இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் வாங்கிய முதல் வீடு. நான் பிறந்து வந்து சேர்ந்த வீடு. எனக்கு ஒன்பது வயதாகியிருந்தபோது அம்மாவுக்குப் புனேயில் பதவி உயர்வு கிடைத்தது. வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடியேறுவது என்று அம்மாதான் முடிவெடுத்தாள். அப்பா அடிக்கடி பெருமூச்சு விட்டார். அம்மா ஒருமுறைகூட விடவில்லை.

“சுவர்தானே? அங்கயும் சுவர் இருக்கும்” என்றாள்.

ஒருநாள் அப்பா தொலைபேசியில் தரகரிடம் யூ.டி.எஸ்., யூ.டி.எஸ். என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது என்னவென்று கேட்டேன்.

“இந்தக் கட்டடம் நிக்குற மண்ணுல நமக்கும் ஒரு பங்கு இருக்குடா. ஆனா எந்த எடம்னு யாராலயும் பிரிச்சுக் காட்ட முடியாது. எல்லா வீட்டுக்கும் பொது.”

இது எனக்குப் பெரியவர்களின் சோம்பலாகவே பட்டது. இத்தனை பேரில் ஒருவருக்குமா கீழே இறங்கிப் போய்ப் பிரிக்கத் தோன்றவில்லை? அன்று மாலையே நான் பிரித்தேன். மோட்டார் அறைக்குப் பின்னால், பவழமல்லி மரத்தடியில், சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் வரைந்தேன். அதற்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். இலைகளுக்கிடையே வானம் சின்னச் சின்னத் துண்டுகளாக இறங்கி வந்தது. மாம்பலத்தை நெருங்கும் மின்சார ரயிலின் அதிர்வு தரைக்குள்ளிருந்து என் முதுகுக்கு வந்தது. மண்ணுக்கும் தூக்கத்தில் மூச்சு உண்டு போலும் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் உதிர்ந்த பூக்களில் கோட்டுக்கு உள்ளே விழுந்தவை எங்களுடையவை. வெளியே விழுந்தவை ஊராருடையவை. அந்தப் பிரிவினையில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

“வர்றவங்க இதென்னன்னு கேப்பாங்க, அழிச்சிடு” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார்.

“மழை பேஞ்சா தானா போயிடும்” என்றாள் அம்மா.

மழை பெய்தது. மாம்பலத்து மழை எதையும் பாதியில் விடுகிற மழையன்று. தெருவே வாய்க்காலாகி ஓடியது. மறுநாள் காலையில் பதறியபடி கீழே ஓடினேன். ஈரத்தரையில் என் நீள்சதுரம் அப்படியே இருந்தது. உண்மையைச் சொன்னால், நான் வரைந்ததைவிட நேராக இருந்தது. நான்கு மூலைகளிலும் நான்கு புள்ளிகள் வேறு. கோட்டைத் தொட்டால் மாவாக உதிர்ந்தது. மழையில் ஊறிய சாக்பீஸ் மாவாகிவிடும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அது இப்படியே மீண்டு வந்தது. மண்ணே என் பக்கம் சாட்சி சொல்கிறது என்று உறுதியாக நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் தரகரோடு வந்து வீட்டைப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. முன்பணம் பேசியபடியே எல்லோரும் கீழே இறங்கி வந்தபோது, நான் என் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய அதே தோரணையில் தொடங்கினேன்.

“மதிப்பிற்குரிய பெரியோர்களே, மாடியில் உள்ள வீட்டைத் தாங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த இடம் எங்கள் பங்கு. இதை விற்பதாக இல்லை.”

அப்பாவின் முகம் சிவந்தது. தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா சார் இது, அட்வான்ஸ் வாங்கற நேரத்துல பையன் ஸ்டே வாங்கினு நிக்கறான்?”

வாங்க வந்தவர் சிரிக்கவில்லை. எனக்கெதிரே குந்தி உட்கார்ந்தார்.

“நியாயம்தான் தம்பி. இந்த எடம் உன்னுதுதான். எங்க வூட்டுப் பசங்க பூ பொறுக்க வந்தா உள்ள வுடுவியா?”

சற்று யோசித்து, மனமிரங்கி அனுமதி அளித்தேன். எதிரணி இவ்வளவு எளிதில் பணிந்தது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அம்மா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பேசி முடிச்சாச்சுல்ல? மேல வா, பால் ஆறுது” என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் புறப்பட்ட நாளின் விடியலிலும் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மா தினமும் வாசற்கதவுக்கு வெளியே ஒரு சிறு கோலம் போடுவாள். அன்று அங்கே தரை வெறுமையாக இருந்தது. இனி இது அவர்கள் வாசல் என்றாள். கீழே என் நீள்சதுரம் புதிதாய், வெள்ளை வெளேரென்று, நான்கு புள்ளிகளோடு இருந்தது. உள்ளே பூக்கள் நிறைந்து கிடந்தன. அவற்றில் ஒரு கை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சென்ட்ரலில் ரயில் நகர்ந்தபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல் நுனிகளில் வெள்ளையாய் மாவு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்ததோடு சரி. அவள் தோள் குலுங்குவதையும் பார்த்தேன். அப்பா அவள் கையைப் பற்றிக்கொண்டார். புனேக்குப் போக ஆசைப்பட்டவளே அழுவதன் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை. இடம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான், மற்ற இருவரும் ஒன்றுமில்லாமல் வருகிறார்கள் என்று தோன்றியது. இருக்கையின் மேல் ஏறி நின்று, பெட்டி முழுவதும் கேட்கும்படி சொன்னேன்:

“அம்மா, என் பங்கில் பாதியை உனக்குத் தருகிறேன்.”