சம்பந்தி முன்னால் முறிந்த தக்கை

நான் சுவிட்சர்லாந்தில், வின்டர்தூர் நகரில் வசிக்கிறேன். மகளின் திருமணம் பேச மாப்பிள்ளையின் பெற்றோர் கூர் நகரிலிருந்து வந்த அன்று, சூப்பர்மார்க்கெட் தன் பெயரிலேயே விற்கும் சிங்கிள் மால்ட் விஸ்கியை மேசையில் வைத்தேன். ஸ்கொட்லாந்தில் வடித்த நல்ல விஸ்கி, விலை குறைவு.

மனைவி பதறினார். “கடைப் பேர் போட்ட போத்திலையோ சம்பந்திக்கு வைக்கிறியள்? எங்களை என்ன நினைப்பினம்? பிள்ளையின்ர கலியாணமப்பா!”

அதை உள்ளே வைத்துவிட்டு, கொண்டாட்டங்களில் பரிசாக வீட்டுக்கு வீடு கைமாறி வந்து, எங்கள் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வருடக்கணக்காகப் படுத்துக் கிடந்த விலையுயர்ந்த போத்தலை எடுத்தேன். எல்லோரும் பார்த்திருக்கத் திறந்தபோது தக்கை முறிந்து, பாதி உள்ளே விழுந்து தூளாக மிதந்தது. முகர்ந்தால் ஈர மரத்தின் நாற்றம். வேறு வழியின்றிக் கடைப் போத்தலையே கொண்டுவந்தேன். மனைவி தலை நிமிரவில்லை.

சம்பந்தி லேபிளைப் படித்துச் சிரித்தார். “அண்ணை, நான் வீட்டில குடிக்கிறதும் இதுதான். நீங்கள் எங்கட வீட்டை வரேக்க ஒளிச்சு வைக்கச் சொல்லி இவ இப்பவே சொல்லிப்போட்டா.”

அவர் மனைவி அவரைக் கிள்ளினார். என் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது கலியாணத்துக்கு நாள் பார்க்கிறோம்.

படுக்கவைத்தால் விஸ்கி தக்கையை அரித்துவிடும் என்று பிறகுதான் அறிந்தேன். எந்தப் போத்தலையும் இப்போது நிமிர்த்தியே வைக்கிறேன். விருந்தினருக்கு எடுப்பது கடைப் போத்தலைத்தான், பெயர் அவர்கள் பக்கம் தெரியும்படி.