மின்தூக்கியில் ஐந்து கிலோ அரிசி

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பண்டமாரானில் ஒரு கொள்கலன் கிடங்கில், லோரிகளை நிறுக்கும் மேடைக்குப் பக்கத்து அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். லோரி சரக்கோடு மேடையேறும், எடையைக் குறிப்பேன். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். வெறும் லோரியின் எடையைக் கழிப்பேன். மிஞ்சுவது சரக்கு. சென்ற ஆண்டு அந்த அறையை மூடிவிட்டு எல்லாவற்றையும் கணினியிடம் விடப்போவதாக அறிவித்தார்கள். ஓர் எழுத்துத் தேர்வில் அறுபது மதிப்பெண் எடுத்தால், பாரந்தூக்கிகளின் வேலையைத் திட்டமிடும் பிரிவுக்கு மாற்றுவார்கள். எடுக்காவிட்டால் வேலை இல்லை.

பாடம் உயர்நிலைப் பள்ளியின் நான்காம், ஐந்தாம் படிவ இயற்பியல். தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. கடைசியாக அதைப் படித்தபோது எனக்குப் பதினேழு வயது, இப்போது நாற்பத்தெட்டு. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் ஒரு பயிற்சி நூல் வாங்கி வந்தேன். நாட்குறிப்பில் வாரத்துக்கு ஒரு பகுதி என்று கோடு போட்டுப் பிரித்தேன். அளவைகள் எளிதாக முடிந்தன. இரண்டாம் வாரம் விசை. இருபது கேள்விகளில் ஏழுதான் சரி. திரும்பவும் செய்தேன். எட்டு.

எங்கள் பாரந்தூக்கி ஓட்டுநர் மதிய உணவை என் அறையில்தான் சாப்பிடுவார். என்னைவிட நான்கு வயது இளையவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். என் நூலை எட்டிப் பார்த்து, "என்னாக்கா, இந்த வயசுல டாக்டருக்குப் படிக்கிறீங்களா?" என்றார்.

"பாரம் ஒரே வேகத்துல மேல போகுது. கயிறு எவ்வளவு இழுக்கும்னு கேட்டிருக்கான். நிக்கிறப்ப இருக்கிறதைவிடக் கூடத்தானே?"

"இல்லக்கா. கிளம்புறப்பத்தான் கயிறு முனகும். அப்புறம் சீராப் போச்சுன்னா நிக்கிற மாதிரிதான். கிளாஸ்ல ஒக்காந்திருக்கிற தேத்தண்ணி கூட ஆடாது."

நூலின் விடையும் அதுதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலே போவதற்கு அதிக இழுப்பு வேண்டாமா? பார்க்காமல் எதையும் எழுதி வைக்க எனக்கு வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் ஐந்து கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டு, கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியில் ஏறினேன். கீழ்த்தளத்திலிருந்து பதினான்காம் மாடிவரை ஆறு தடவை போய் வந்தேன். நான்காம் தடவை ஒன்பதாம் மாடியில் ஒரு பெண் ஏறினாள்.

"ஆன்டி, கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

"இல்லம்மா, பிசிக்ஸ் படிக்கிறேன்."

அவள் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டாள்.

ஓட்டுநர் சொன்னது சரி. மின்தூக்கி கிளம்பும்போது முள் ஏறியது. சீராகப் போகையில் பழைய இடத்துக்கே வந்தது. மேலே நிற்கப்போகும்போது இறங்கியது. ஆறு தடவையும் அப்படியே. திங்கட்கிழமை மதியம் குறிப்பை அவரிடம் நீட்டினேன். கிளம்பும்போது 5.3, சீராக 5.0, நிற்கப்போகையில் 4.7.

அவர் விரலைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். "முள்ளு சரியா அஞ்சுலயா நின்னுச்சு?"

"அஞ்சு ரெண்டுல நின்னுச்சு. பை இருநூறு கிராம். அதைக் கழிச்சிட்டேன்."

"ஏன் கழிச்சீங்க?"

"அரிசி அஞ்சு கிலோதானே?"

"அப்ப பையை யாரு புடிச்சிக்கிட்டிருந்தா? நீங்களா?"

குறிப்பைத் திரும்ப வாங்கி, 5.0 என்று எழுதிய இடத்தைப் பார்த்தேன்.

"கொக்கிக்கு அரிசி தெரியுமா, பை தெரியுமா? தொங்குறது மொத்தமும் அதுக்குப் பாரம்தான்க்கா. நீங்க சொல்ற கணக்குல தூக்கினா நான் என்னைக்கோ கயிறறுந்து செத்திருப்பேன் லா."

பயிற்சித் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு டன் கொள்கலனுக்குள் பதினெட்டு டன் சரக்கு. கயிற்றின் இழுவிசை என்ன? இரண்டு லட்சம் நியூட்டன் என்று வர வேண்டும். நான் ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று எழுதியிருந்தேன். கேள்வியில் மொத்தம் இருபது டன் என்று கொடுத்திருந்த இடங்களிலும், கொள்கலனின் இரண்டைத் தேடிப் பிடித்துக் கழித்திருந்தேன். தவறான பன்னிரண்டில் ஒன்பது அந்த வகை. கை அதுபாட்டுக்குச் செய்திருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கணக்கிலும் முதலில் பாரத்தை வரைந்து, அதைத் தாங்குவது எதுவோ அங்கே ஓர் அம்புக்குறி போட்டேன். அம்புக்குறி போடாமல் ஓர் எண்ணையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தேர்வு நிறுவனத்தின் கூட்ட அறையில் நடந்தது. நாங்கள் பதினொரு பேர். பாரந்தூக்கிக் கேள்விகள் நான்கையும் அரை மணியில் முடித்தேன். அடுத்து வெப்பம். ஒரு பாத்திரம் நீரோடு 700 கிராம்; வெறும் பாத்திரம் 200 கிராம்; நீர் மட்டும் இருபது டிகிரி சூடாக எவ்வளவு வெப்பம் வேண்டும்? நான் 700 என்று எழுதி, பெருக்கவும் தொடங்கிவிட்டேன். ஐந்து வாரமாகக் கழிக்காதே, கழிக்காதே என்று பழக்கிய கை அல்லவா. அப்போதுதான் தாளில் அம்புக்குறி இல்லாததைக் கவனித்தேன். இங்கே எதுவும் எதையும் தாங்கவில்லை. சூடாவது எது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். 700ஐ அடித்துவிட்டு 500 என்று எழுதினேன். மூன்று மதிப்பெண் கேள்வி அது.

கடைசிப் பகுதி ஒளி. கண்ணாடி வில்லைகள் எனக்குப் பதினேழு வயதிலும் புரியவில்லை. தெரிந்தவரை வரைந்துவிட்டு வெளியே வந்தேன்.

பத்து நாள் கழித்து மனிதவளப் பிரிவில் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு. ஒளிக்குப் பதினைந்தில் நான்கு. வெப்பக் கேள்விக்கு முழுதாக மூன்று. அது போயிருந்தால் ஐம்பத்தொன்பது. மேசையில் இருந்த அலுவலர் திங்கள்கிழமை முதல் புதிய பிரிவு என்று சொல்லி, பாதுகாப்புக் காலணிக்கான படிவத்தைத் தள்ளினார். அளவு ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.