தலையணைக்குச் சர்க்கரை தொண்ணூற்றெட்டு

ஊசியக்கா ஒருவர் கையில் ஊசியை ஏற்றுவதற்கு முன்னால் அவர் வாயில் ஒரு வாக்குவாதத்தை ஏற்றிவிடுவாள்.

"விழுந்த பல்லு திரும்ப முளைக்க மருந்து தேடிக்கிட்டு இருக்காங்களாம், தெரியுமா?" என்பாள், ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே.

"சும்மா இரும்மா. அப்போ பல் டாக்டருங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க?"

"முதல்ல எலிக்குக் கொடுத்துப் பார்ப்பாங்களாம்."

"எலிக்கு எதுக்கு? அதுக்குத்தான் ஏற்கெனவே…"

அந்த 'ஏற்கெனவே'யில் ஊசி உள்ளே போயிருக்கும். எலிக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிரம்பி, பஞ்சு வைத்து, முழங்கையை மடக்கியும் விட்டிருப்பாள். வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மனமில்லாமல் வாதத்தைத் தொடர்வார். அடுத்த டோக்கன்காரர் செருமுவார்.

பத்தொன்பது வருடமாக அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய மயக்க மருந்து செய்திதான். தினமும் காலையில் பஸ்ஸில் மூன்று செய்திகளைப் பொறுக்குவாள். உடம்பைப் பற்றி ஒன்று, இயந்திரத்தைப் பற்றி ஒன்று, ஆகாயத்தையோ கடலையோ பற்றி ஒன்று. கிளம்புவதற்கு முன்பே கிடைத்துவிட்டால் வீட்டுக்காரரிடம் சோதித்துப் பார்ப்பாள். அவர் "அப்படியா" என்றால் செய்தி செத்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு "என்னது?" என்றால் தேறியது.

எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கருத்து உண்டு. "ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம். ஈசிஜி எடுக்கிறவன் பாட்டைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க." "முட்டை மஞ்சள் கருவைப் போன மாசம் விடுதலை பண்ணாங்க. இந்த மாசம் திரும்பப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. அது என்ன பாவம் பண்ணுச்சோ." வீட்டைப் பெருக்கும் ரோபோ பற்றிப் படித்த அன்று, அது கட்டிலுக்கு அடியில் போகுமா, போனால் அங்கே இருப்பதைப் பார்த்துவிட்டு வேலையை ராஜினாமா செய்யுமா என்று எட்டுப் பேரிடம் கேட்டாள். எட்டுப் பேருக்கும் வலிக்கவில்லை.

ஆனால் எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவள் அல்ல. ஆராய்ச்சி என்று யாராவது ஆரம்பித்தால் முதல் கேள்வி, "எத்தனை பேரை வெச்சுப் பார்த்தாங்க?" என்பதுதான். "பன்னெண்டு பேரை வெச்சுப் பார்த்துட்டு ஊருக்கே காபியை நிறுத்தச் சொல்றாங்க. எங்க கூட்டுக் குடும்பத்துல பன்னெண்டு பேர் இருக்கோம். டிவி ரிமோட் எங்க இருக்குன்னு எங்களாலயே கண்டுபிடிக்க முடியல."

அவளுடைய செய்தி வைத்தியம் பலிக்காத ஒரே ஆள், உடன்பிறந்த அண்ணன்தான்.

காரணம் இருக்கிறது. படிக்கும் காலத்தில் அவள் பழகிக்கொண்டது அவர் கையில். சனிக் கிரகத்தின் வளையங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே ஐந்து இடத்தில் குத்தினாள். ஆறாவது குத்திலும் நரம்பு கிடைக்கவில்லை. அன்றிலிருந்து தங்கை, "ஒரு விஷயம் தெரியுமா" என்று ஆரம்பித்தாலே அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். கல்யாண வீட்டிலும் அப்படித்தான், கடைத்தெருவிலும் அப்படித்தான்.

அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். தினமும் நாற்பது பேர் அவரை நம்பித் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். சில மாதங்களாக அவர் கூடவே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போகிறது. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது, டெப்போ வாசலில் வைத்திருக்கும் புதுப் போர்டில் எழுத்தெல்லாம் மங்கலாக இருக்கிறது, எழுதினவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று திட்டினார். ஊசியக்கா சமையலறையில் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். இப்படிப் பாட்டிலும் கையுமாக வருகிறவர்களின் ரத்தம் என்ன சொல்லும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அண்ணே, ஒரே ஒரு சொட்டு" என்றாள்.

"குத்துற சமாச்சாரம் எதுவும் வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆதாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

காத்திருப்போர் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. அண்ணன் டோக்கன் எடுக்காமல், பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது மணிக்கட்டைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தபடி நுழைந்தார்.

"ஏய், உன் வேலை போச்சு!"

"என்னண்ணே?"

"இனிமே யாரும் யாரையும் குத்த வேண்டாம். இதோ பாரு."

மணிக்கட்டில் கறுப்பாக ஒரு வாட்ச். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்மினுக்கென்றது. திரையில் இதயத் துடிப்பு, தூக்கம், நடந்த தூரம், எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில் சர்க்கரை: 98.

"ஊசி இல்ல, ரத்தம் இல்ல. நாலு மாசமா தினம் பார்க்கிறேன். தொண்ணூத்தாறு, தொண்ணூத்தெட்டு, நூறு. கோடு போட்ட மாதிரி நிக்குது."

சொல்லிவிட்டுக் கால் பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

ஊசியக்காவுக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துபோனது. நிஜமாகவே ஊசி இல்லாமலா? ஒளியை விட்டு எண்ணிவிடுகிறதா? அதைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்க்க விரல்கள் துடித்தன. அடுத்த கணம் அண்ணனின் பெல்ட் கண்ணில் பட்டது. வாட்ச்சைக் கேலி செய்தால் இப்படியே திரும்பிப் போய்விடுவார். அதனால் அதன் பக்கம் சேர்ந்துகொள்வது என்று தீர்மானித்தாள்.

"அண்ணே, இது மட்டும் உண்மைன்னா பெரிய செய்திண்ணே! ஆனா வாட்ச் சொன்னா மட்டும் ஊர் நம்பாது. எங்க மெஷினும் அதே நம்பரைக் காட்டணும். யாராவது ஒருத்தர் ரத்தம் கொடுத்து நிரூபிக்கணுமே."

மூன்றாவது நாற்காலியில் இருந்த லிஃப்ட் மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே! ரெண்டு மீட்டரைப் பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் எது தப்புன்னு தெரியும்."

"என் கையில கட்டுங்க, நான் கொடுக்கிறேன்" என்றாள் ஒரு தையல்காரம்மா. காலையிலிருந்து வெறும் வயிற்றில் காத்திருந்ததில் எதற்கும் துணிந்திருந்தாள்.

"அதெப்படி? என் வாட்ச், என் கைதான்" என்றார் அண்ணன்.

சொன்ன வேகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார்! பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக அந்தக் கை, ரெக்சின் உறை போட்ட சின்ன உருளைத் தலையணை மேல் நீண்டது. ஊசியக்கா மூச்சை அடக்கிக்கொண்டு ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு தானாக எழுந்து வந்தது. ஸ்பிரிட் தடவினாள்.

"வாட்ச் நனைஞ்சிடப்போகுது, இந்தா பிடி" என்று அண்ணன் அதைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

அங்கேதான் கெட்டது. கையில் வந்த வாட்ச் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்குள் இருந்த 'எத்தனை பேரை வெச்சுப் பார்த்தாங்க' எழுந்து நின்றுகொண்டது. தட்டில் இன்னொரு உருளைத் தலையணை சும்மாதான் கிடந்தது. ஒரு விநாடிதானே, வெறும் ஒப்பீட்டுக்காகத்தானே என்று வாட்ச்சை அதன் மேல் சுற்றி, பட்டையை மாட்டினாள்.

வாட்ச் யோசித்தது. பிறகு அறிவித்தது. இதயத் துடிப்பு 74. சர்க்கரை 98.

"ஐயோ, தலையணைக்குச் சர்க்கரை தொண்ணூத்தெட்டு!" என்று கத்திவிட்டாள்.

மொத்தக் கூடமும் எழுந்து வந்தது. "பேஷன்ட் பேரு என்ன போடட்டும்? வயசு?" என்றாள் பதிவு மேசைப் பெண், பேனாவைத் திறந்து. "நல்ல உடம்புங்க, என்னைவிட நல்லா இருக்கு" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "தூக்கம் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க, தலையணைதானே, அது நல்லாத்தான் தூங்கும்" என்றாள் தையல்காரம்மா. சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஊசியக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்துத் திரும்பியபோது நாற்காலி காலி. ரப்பர் பட்டை தரையில் கிடந்தது. அண்ணன் தலையணையிலிருந்து வாட்ச்சைப் பிடுங்கிக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருடம் கழித்து நீண்ட கை ஒரு விநாடியில் போனது. அதுவும் தன் விரலாலேயே.

கையுறையோடு வெளியே ஓடினாள். அண்ணன் லிஃப்ட் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்ட."

"தப்புதாண்ணே. கை சும்மா இருக்கல."

"உனக்கு எப்பவும் ஆராய்ச்சிதான். அன்னிக்கு என் கையைச் சல்லடை ஆக்கின. இன்னிக்கு என்னையும் தலையணையையும் ஒண்ணாக்கிட்ட."

அவளிடம் அன்றைய மூன்று செய்திகளும் இருந்தன. ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

லிஃப்ட் வரவில்லை. அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் அல்லவா, அவருக்கும் கை சும்மா இருக்கவில்லை. வாட்ச்சை மாடிப்படிக் கைப்பிடியில் சுற்றினார். 97. தண்ணீர் பாட்டிலில் சுற்றினார். 99. திரும்பத் தன் மணிக்கட்டில் கட்டினார். 98.

அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நாலு மாசமா இது சொன்னது…"

"உன்னைப் பத்தி இல்லண்ணே. உனக்கு எவ்வளவுன்னு இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. அண்ணன் ஏறவில்லை.

"டெப்போ போர்டு" என்றார் மெதுவாக. "நீ அந்தப் பக்கமாத்தானே வர்றே? எழுத்து மங்கலாத்தானே இருக்கு?"

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் ஆசை வந்தது.

"காலையிலகூடப் பார்த்தேன். பளிச்சுன்னு இருக்குண்ணே."

கதவு மூடியது. லிஃப்ட் யாரும் ஏறாமலே கீழே போனது. அண்ணன் திரும்பி நடந்தார்.

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா கீழே கிடந்த ரப்பர் பட்டையை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். அண்ணன் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எல்லாரும் இங்க வாங்க. தலையணையோட நம்பரைப் பார்த்தீங்க இல்ல? என்னோடதையும் பாருங்க."

"அண்ணே, குத்தப் போறேன்."

"குத்து."

கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒரே குத்து. நரம்பு கிடைத்தது. இருட்டுச் சிவப்பு குழாய்க்குள் இறங்கியது. ஒரு சொட்டை மட்டும் சின்ன மீட்டரின் காகிதப் பட்டையில் வைத்தாள். திரையில் ஐந்து என்று விழுந்தது.

"அஞ்சு" என்றார் லிஃப்ட் மெக்கானிக், தன்னை அறியாமல்.

"நாலு" என்றாள் பதிவு மேசைப் பெண். மூன்றுக்கு மொத்தக் கூடமும் சேர்ந்துகொண்டது. இரண்டில் அண்ணன் கண்ணைத் திறந்தார். ஒன்றை அவர்தான் சொன்னார்.

318.

ஊசியக்கா அந்த எண்ணைத் தினம் பார்க்கிறவள்தான். ஆனாலும் அண்ணனுடையது என்பதால் பயந்துபோனாள். கூடவே நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது. கிடைத்துவிட்டது. எதிரி எவ்வளவு பெரியவன் என்று கடைசியில் தெரிந்துவிட்டது. இதற்கு மாத்திரை இருக்கிறது, சாப்பாட்டுக் கணக்கு இருக்கிறது, மாடியில் டாக்டர் இருக்கிறார்.

அண்ணன் மீட்டரைக் கையில் வாங்கினார். பயம் முகத்தில் வந்தது, போனது. அதற்குப் பின்னாலேயே அவள் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று வந்தது. கோபம் கலந்த ஆவல்.

"மூணு மாசக் கணக்கைச் சேர்த்துக் காட்டுற டெஸ்ட் ஒண்ணு இருக்காமே? அதையும் எடு. இந்தா, அடுத்த கை. அந்த வாட்ச் என்கிட்ட எவ்வளவு பொய் சொல்லியிருக்குன்னு எனக்கு நம்பரா வேணும்."

"அதை எடுத்தாச்சுண்ணே." ஊதா மூடிக் குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"எப்போ?"

"நீ கண்ணை மூடிட்டு இருந்தப்போ. ஒரே குத்துல ரெண்டு குழாய்."

"பார்றா!" என்றார் அண்ணன் கூடத்தைப் பார்த்து. யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

மாடிப்படி ஏறும்போதே அண்ணன் டெப்போவுக்குப் போன் போட்டார். ஒரு முழங்கை பஞ்சை அழுத்தி மடங்கியிருந்தது, மறு கையில் பாட்டில். அதனால் போனைத் தங்கைதான் அவர் காதில் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினாள்.

"நான்தான் பேசுறேன். இன்னிக்கு ஷிஃப்டுக்கு வேற டிரைவரை அனுப்புங்க. இல்ல, காய்ச்சல் இல்ல. டாக்டர் ஓட்டலாம்னு சொல்ற வரைக்கும் நான் வண்டியைத் தொடப் போறதில்ல. முந்நூத்திப் பதினெட்டு. சர்க்கரைதான்யா, வேற என்ன? ஆமா, நல்லாத் தெரியும், கரெக்டான நம்பர்தான். ரத்தம் கொடுத்து வாங்கியிருக்கேன்."