மீசைக்காரர்கள் பேசாத பாஷை

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசையாக நிறுத்தினால் ஆம்பூர் ஸ்டேஷனில் ஆரம்பித்து வாணியம்பாடி வரைக்கும் நிற்கும். அதில் முதலில் நிற்பதை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பெற்ற பிள்ளைகளைத் தோல் என்று நினைத்துவிட்டேன்.

அடிக்கவில்லை, உரிக்கவில்லை, பயப்பட வேண்டாம். நான் அப்போது ஒரு தோல் ஷாப்பில் குழி மேஸ்திரி. பச்சைத் தோல் வந்தால் முதலில் சுண்ணாம்புக் குழி. மயிர் கழன்றதும் அலசி, மறுபடி அலசி, சந்தேகமாக இருந்தால் இன்னொரு தரமும் அலசி, அதற்கப்புறம்தான் ஆவாரம்பட்டைக் குழி. அவசரப்பட்டுச் சுண்ணாம்பு ஒட்டிய தோலைப் பட்டைத் தண்ணீரில் இறக்கினால் திட்டுத் திட்டாகக் கறுத்துப் போகும். பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள். "குழியைக் கலக்காதே!" என்று பொழுது விடிந்து பொழுது சாய்கிற வரைக்கும் கத்துவது என் உத்தியோகம். பத்து வருஷம் அதையே கத்திய மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் குழியாகத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் பாஷை மூன்று. நான் தமிழ். என் மனைவி மலைக்கு மேலே பலமநேர் பக்கத்துத் தெலுங்கு. இரண்டு பேரும் வேதக்காரர்கள் என்பதால் பாதிரியார் பேசி முடித்த கல்யாணம். ஜெபம் ஒன்றாக இருந்தால் போதும், பாஷை தானாக வரும் என்று அவர் சொன்னார். வந்தது, மூன்றாக வந்தது. மூன்றாவது, பக்கத்து வீட்டு உருது. அந்த வீட்டு அம்மாளைப் பிள்ளைகள் 'காலா' என்று சின்னம்மா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். பாதி நாள் சாப்பாடும் தூக்கமும் அங்கேதான். அவர் கோஷாவில் இருப்பவர். இத்தனை வருஷத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் மதில் சுவரைத் தாண்டி வருகிற குரலுக்குப் பலமுறை பயந்திருக்கிறேன்.

பையனுக்கு அப்போது ஐந்து வயது, பெண்ணுக்கு மூன்று. ஒரு நாள் பெண் என்னிடம் ஓடி வந்து, "நீள்ளு தே நைனா, பியாஸ் ஜாஸ்தியா கீது" என்றாள். தண்ணீரைத் தெலுங்கில் கேட்டு, தாகத்தை உருதுவில் சொல்லி, அது இருப்பதை மட்டும் தமிழில் தெரிவித்தாள். என் மனைவி சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். எனக்கோ தோலில் கறுப்புத் திட்டு விழுகிற சத்தமே காதில் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சட்டம் போட்டேன். என்னிடம் தமிழ் மட்டும். அம்மாவிடம் தெலுங்கு மட்டும். காலா வீட்டில் உருது மட்டும். குழி மாறிப் பேசினால் எதிரில் இருப்பவர் காது கேட்காத மாதிரி இருந்துவிட வேண்டும்.

"இன்னாங்க இது? கொழந்த தண்ணி கேட்டா தண்ணி குடுக்கறதா, பாஷை பாக்கறதா?" என்றாள் மனைவி.

"பாஷையைப் பாரு."

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அரே, உன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லு. சின்னப் பச்சாங்கள ஊற வெச்சா ஜல்தோஷந்தான் புடிக்கும்!"

என் சட்டம் தோற்றுப் போயிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். ஜெயித்துவிட்டது, அதுதான் பேஜார். ஆறே மாதத்தில் மூன்று பாஷையும் மூன்று குழியாகப் பிரிந்து தெளிந்து நின்றன. பையன் என்னைவிடக் கண்டிப்பான மேஸ்திரி ஆகிவிட்டான். ஷாப்பிலிருந்து களைத்து வந்த ஒரு சாயங்காலம் வாய் தவறி அவனிடம் "பானி கொண்டா" என்று உருது கலந்து கேட்டுவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானே எழுந்து போய் மொண்டு குடித்தேன். குடிக்கும்போது பெருமையாகவும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் என் மாமனாரிடமிருந்து தெலுங்கில் ஒரு கார்டு வந்தது.

மாமனாருக்கு எங்கள் கல்யாணத்தில் இஷ்டமில்லை. "தமிழன் வீட்டுக்குப் போனால் உன் பிள்ளைகள் என்னைப் பார்த்து முழிக்கும். அதைப் பார்க்க நான் வரமாட்டேன்" என்று மகளிடம் சொன்னவர், சொன்னபடியே ஏழு வருஷம் வரவில்லை. இப்போது வருகிறேன், எட்டு நாள் தங்குகிறேன் என்று எழுதியிருந்தார். மனைவி அந்தக் கார்டை மூன்று தரம் படித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பசங்க அவரைப் பாத்து தெலுங்குல நாலு வார்த்தை பேசிட்டா போதும்ங்க. அப்புறம் வருஷா வருஷம் வந்துருவாரு" என்றாள். இடுப்பிலிருந்த கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பேசலன்னா இதான் கடைசி. எங்கப்பாவை எனக்குத் தெரியும்" என்றாள்.

"நாலு வார்த்தையா? நாள் பூரா பேசுவாங்க. என் சட்டத்துல வளர்ந்த தெலுங்கு, சொட்டு கலப்படம் கெடையாது" என்று நான் மார்தட்டினேன். அவள் சுத்தமாகப் பேசிப் பேசி வளர்த்த தெலுங்குக்கு நான் பாராட்டு வாங்கிக்கொள்ளப் பார்த்தேன்.

ஜட்கா வாசலில் நின்றது. மீசை முதலில் இறங்கியது, மாமனார் பின்னால் இறங்கினார். நல்ல உயரம். வெள்ளைத் தலைப்பாகை. பிள்ளைகள் இருவரையும் குளிப்பாட்டி, தலை வாரி, நிறுத்தி வைத்திருந்தோம். அவர் கையிலிருந்த பையை நடையிலேயே வைத்துவிட்டு, அவர்கள் உயரத்துக்குக் குனிந்து, அந்த உடம்புக்குள் அப்படி ஒரு குரல் இருக்குமென்று நான் நினைத்தே பார்க்காத மெல்லிய குரலில், "சாப்பிட்டீர்களா கண்ணுகளா?" என்று தெலுங்கில் கேட்டார்.

பெண் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல் சந்து வழியாகச் சிரிப்பு வெளியே வந்தது. பையன் தரையில் விழுந்து உருண்டான். சேவல் ஒன்று வந்து அம்மா குரலில் தாலாட்டுப் பாடினால் எப்படி இருக்கும், அப்படிச் சிரித்தார்கள். மனைவி ஓர் அதட்டுப் போட்டதும் பையன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மரியாதையாக, அட்சரம் பிசகாமல் பதில் சொன்னான்.

"சாப்ட்டோம். நீங்க சாப்ட்டீங்களா?"

தமிழில்.

மாமனார் நிமிர்ந்தார். மகளைப் பார்த்து, "ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னேன்" என்று தெலுங்கில் ஒரே வார்த்தை. என்னிடம் அதுவும் இல்லை. பையை அவிழ்க்காமல் ஆணியில் மாட்டினார். மறுநாள் மத்தியான ரயிலுக்கு அதே ஜட்காவை வரச்சொல்லி அனுப்பினார்.

பையனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்டா, தெலுங்கு தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் நைனா."

"அப்புறம் தாத்தாகிட்ட ஏன் பேசல?"

"அது அம்மாங்க பேசறது."

"யார்றா சொன்னது?"

"நீதான் சட்டம் போட்ட. மீசை இருக்கறவங்க அது பேசமாட்டாங்க. தாத்தா சும்மா அம்மா மாதிரி பேசிக் காட்றாரு."

மீசை என்ற சொல்லே என் சட்டத்தில் கிடையாது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைகள் தெலுங்கைக் கேட்டது இரண்டே வாயிலிருந்து. ஒன்று அம்மா, இன்னொன்று தயிர்க்காரி. இரண்டு பேருக்கும் மீசை இல்லை. மீசை வைத்த நான் தமிழ். மீசை வைத்த என் தோல் ஷாப் ஆட்கள் தமிழ். பிள்ளைகள் தோலை ஒழுங்காகத்தான் தரம் பிரித்திருக்கிறார்கள். "ஆம்பளைங்களும் தெலுங்கு பேசுவாங்கடா" என்றேன். "இன்னா நைனா, பொய் சொல்ற!" என்று சிரித்துவிட்டு ஓடிப்போனான்.

அடுக்களையில் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்குப் பிடிக்குமே என்று கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

"நீங்க சட்டம் போடாம கலந்துகட்டி பேசவுட்டிருந்தா, இந்நேரம் எங்கப்பா மடியில உக்காந்துகினு இருப்பாங்க" என்றாள். களியைக் கிண்டிய வேகத்தில் உள்ளே நானும் இருப்பதாகவே தோன்றியது.

அன்று முழுக்க மாமனார் வேதப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் புரட்டவில்லை. பிள்ளைகள் கதவோரம் நின்று அவர் மறுபடியும் அந்த வேடிக்கையைச் செய்வாரா என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் செய்யவில்லை.

மறுநாள் காலை எனக்கு ஒரு யோசனை உதித்தது. எனக்கு யோசனை உதிப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் நல்லதல்ல. இருந்தாலும் இது எளிய கணக்குதான். மீசை வைத்த ஆண் தெலுங்கு பேசமாட்டான் என்பதுதானே சட்டம்? மீசை வைத்த ஆண் நான் ஒருவன் வீட்டிலேயே இருக்கிறேனே! பிள்ளைகள் எதிரில் நானே தெலுங்கு பேசிவிட்டால் சட்டம் உடைந்தது.

ஒரே ஒரு குறை. என் தெலுங்கு வண்டிக்காரத் தெலுங்கு. மலைக்கு மேலிருந்து பச்சைத் தோல் ஏற்றி வருகிற மாட்டு வண்டிக்காரர்களிடம், ஷாப் வாசலில் நின்று கற்றுக்கொண்டது. அவர்கள் என்னிடம் பேசியது குறைவு. மாடுகளிடம் பேசியதுதான் அதிகம். அதைத்தான் நானும் காது கொடுத்துக் கேட்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு இலை போட்டாள். களி, கோழிக் குழம்பு. ஒரு பக்கம் மாமனார், எதிரில் நான், நடுவில் பிள்ளைகள். மாமனார் இரண்டு கவளம் உண்டுவிட்டுக் கையை எடுக்கப் பார்த்தார். இதுதான் சமயம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். 'கூச்சப்படாமல் நன்றாகச் சாப்பிடுங்கள், நெடும் பிரயாணம் இருக்கிறது' என்று சொல்ல வேண்டும். மனதில் தயாராக இருந்ததை அப்படியே உரக்கச் சொன்னேன்.

"பாகா தினரா! கொண்ட எக்கால!"

நல்லா தின்னுடா, மலை ஏறணும். மலையடிவாரத்தில் வைக்கோல் போடும்போது மாட்டிடம் சொல்வது.

மனைவியின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. சுவருக்கு அப்பால் ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. மாமனாரின் முகம் சிவந்து, மீசையின் இரண்டு நுனியும் துடித்தன. ஏழு வருஷத்தில் மாமனாரிடம் நான் நேராகப் பேசிய முதல் தெலுங்கு வாக்கியம் அது.

பையன் கையில் பிடித்த களி உருண்டையை இலையில் வைத்தான். என்னைப் பார்த்தான். தாத்தாவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த வெட்கத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். பிறகு தாத்தா பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அவர் முழங்கையைத் தொட்டான்.

"கோபம் ஒத்து தாத்தா. மா நாயனகி தெலீது."

கோபம் வேண்டாம் தாத்தா, எங்கப்பாவுக்குத் தெரியாது. தயிர்க்காரியின் இழுப்போடு, அம்மாவின் இனிமையோடு, மீசை வைத்த மனிதர் ஒருவரிடம் அவன் பேசிய முதல் தெலுங்கு.

மாமனார் அவனை உற்றுப் பார்த்தார். "என்ன தெரியாது?" என்று தெலுங்கிலேயே கேட்டார்.

பையன் கொஞ்சம் யோசித்தான். "ஏமீ தெலீது" என்றான். எதுவுமே தெரியாது.

மாமனார் சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை நழுவுகிற மாதிரி சிரித்தார், களி புரையேறி, மனைவி அவர் தலையில் தட்டினாள், அப்போதும் சிரித்தார். பெண் அதற்குள் தன் இலையை இழுத்துக்கொண்டு போய் அவர் தொடையோடு ஒட்டி உட்கார்ந்தாள். தயிர்க்காரியின் எருமை கன்று போட்டது, காலா வீட்டுப் பூனை பாலைத் திருடியது, நான் குறட்டை விடுவது, எல்லாவற்றையும் தெலுங்கில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் எங்கோ ஓர் உருது வார்த்தை புகுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கண்டுகொள்ளவில்லை.

தெருவில் ஜட்காக்காரன் குரல் கொடுத்தான். மாமனார் இலையிலிருந்து தலை நிமிராமலே மகளிடம் ஏதோ முணுமுணுத்தார். அவள் வாசலுக்கு ஓடினாள்.

"எட்டு நாள் கழிச்சு வாப்பா!"

திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போனாள். நானும் கை கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒரு காரியத்தைச் சாதித்தவன் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி, கதவு நிலையில் சாய்ந்து நின்று, மீசையைத் தடவிக்கொண்டேன்.

"பாத்தியா? எப்படி என் தெலுங்கு?"

அவள் பானைக்குள் குனிந்தபடியே சொன்னாள். "எங்கப்பா போற வரைக்கும் நீங்க ஊமை."