இரண்டரைக் கிலோ பழி

பழிவாங்கும் குணம் எனக்கு நிறைய உண்டு. அதற்கேற்ற உடம்புதான் இல்லை. நான் சட்டைக் கையை மடித்து முடிப்பதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். ஆகவே என் பழியெல்லாம் வயிற்றின் வழியாகத்தான் நடந்திருக்கிறது.

மேல்படிப்புக்காக ஒரு குளிர் நாட்டுக்கு நான் கிளம்ப இருந்த அன்று காலை, மாடியிலிருந்து ஓனரம்மா இறங்கி வந்தார். மந்தைவெளியில் அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் போகிற அதே ஊரில் அவருடைய மகன் ஒரு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"சின்ன பார்சல்தான் கண்ணு. புள்ள நாக்கு செத்துப் போய்கீறான். ஏர்போர்ட்டுக்கே வந்து உன்ன இட்டுக்கினு போவான். ஒரு வாரம் அவன் ரூம்லயே தங்கிக்கோ."

சின்ன பார்சல், பழுப்பு டேப் சுற்றி, ஒரு வயதுக் குழந்தை சைஸில் இருந்தது. ஓனரம்மாவிடம் 'முடியாது' என்று சொல்கிற பழக்கம் எங்கள் தெருவில் எவருக்கும் இல்லை.

பெட்டியை அம்மாவின் மீன் தராசில் ஏற்றினோம். அம்மாவுக்குப் பட்டினப்பாக்கத்தில் மீன் கடை. தராசு இருபத்தைந்தரைக் கிலோ என்றது. விமானத்தில் இருபத்து மூன்றுதான் விடுவார்கள்.

அம்மா தன் டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள். நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. எனக்காக அரை நாள் அடுப்பை விட்டு நகராமல் கிளறியது. அப்புறம் தி.நகரில் பேரம் பேசியே கடைக்காரரை அழவைத்து வாங்கிய கம்பளியையும் எடுத்தாள்.

"பார்சல எடுத்துரலாம்மா."

"வாய மூடு. மாடிக்கு கேக்கும்."

சாயங்காலம் விமான நிலைய கவுன்டரில் பெட்டியை வைத்தேன். இருபதரை. கண்ணாடிக்கு வெளியே நின்ற அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இருபதரைதான் கீது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு, "அய்யோ, கொசுறு!" என்றாள்.

உப்புக் காற்றில் கெட்ட அந்தத் தராசு எடையைக் கூட்டித்தான் காட்டும். அதற்கு ஈடாகத்தான் அம்மா ஒவ்வொரு கிலோவுக்கும் மேலே ஒரு கைப்பிடி மீனைக் கொசுறாக அள்ளிப் போடுவாள். ஊருக்கெல்லாம் தானாகப் போட்ட கை, மகன் பெட்டிக்கு மறந்துவிட்டது. கடையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்து, இன்ஜினியரிங்கும் முடித்த எனக்கும் உறைக்கவில்லை. தொக்கும் கம்பளியும் தாராளமாகப் போயிருக்கும். இரண்டும் வீட்டில் இருந்தன.

அம்மாவைக் கோபிக்க முடியாது. தராசைக் கோபித்துப் பயனில்லை. மிச்சம் இருந்தவன் ஓனரம்மா மகன். வழி முழுக்க மனசுக்குள் அவனை வறுத்துக்கொண்டே போனேன்.

இறங்கிய இடத்தில் அவன் இல்லை. மெசேஜ் இருந்தது: "சாரி மச்சி, ஃப்ரெண்ட்ஸோட ட்ரிப். பார்சல் பத்திரம்."

விடுதி அறையில் வெறும் மெத்தை. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் மூடல். மூன்று சட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, துண்டைத் தலையில் கட்டி, ஜுரம் வந்த கோமாளி மாதிரி அறைக்குள் குதித்துப் பார்த்தேன். குளிர் போகவில்லை. பார்சல் மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

கத்திரிக்கோல் இருந்தது. இருந்தாலும் டேப்பைப் பல்லால்தான் கிழித்தேன். அதில்தான் திருப்தி.

முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்த ஒரு கம்பளி! என் கம்பளியைத் துரத்திய பார்சலுக்குள் இன்னொரு கம்பளி. அதைப் போர்த்திக்கொண்டு முதல் முறுக்கை அவன் மண்டை என்று நினைத்துக் கடித்தேன்.

அந்த ஊரில் நான் காலூன்றியது அப்படித்தான். பல்கலைக்கழகத்தில் கட்டடம் தெரியாமல் மூன்று முறை ஒரே நூலகத்துக்குள் போய் வந்த நாளுக்கு அதிரசம். முதல்முறை சோறு வைத்து, அடி கருகி, புகை மணி அடித்து, மாடி மாடியாக எல்லோரும் ரோட்டுக்கு ஓடிவந்த நாளுக்குப் பருப்புப் பொடி. இடையிடையே அவன், "மச்சி, பார்சல்?" என்பான். "பிஸி மச்சி," என்பேன், வாயில் முறுக்கோடு.

ஒன்பதாம் நாள் நேரில் வந்தான். அதிரசம் வந்த ஓனரம்மாவின் எவர்சில்வர் தூக்கைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. உள்ளே, கேன்டீனில் இலவசமாக அள்ளிய சர்க்கரைப் பொட்டலங்கள்.

"இன்னா மச்சி இது?"

"சக்கர."

"முறுக்கு?"

"இருந்துச்சு."

"கம்பளியாவது குடுடா!"

"தொவச்சிப் போட்ருக்கேன். காயல."

மறுநாள் அம்மாவின் போன். எங்கள் சாமான்களெல்லாம் தெருவில் கிடக்கும் என்ற பயத்தோடு எடுத்தேன்.

"மாடிக்காரம்மா எறங்கி வந்து கத்திட்டு போவுது. துன்னியா?"

"துன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"வயித்துக்கு ஒண்ணும் ஆவலியே?"

வீடு தப்பியது. ஆனால் அம்மா பட்டதை மறக்கிறவள் இல்லை. கோடை விடுமுறையில் ஓனரம்மாவே மகனைப் பார்க்கக் கிளம்பினார். பெட்டியை எடை போடத் தராசு கேட்டுக் கீழே வந்தாராம், அம்மா போனில் சொன்னாள்.

"குடுத்தியா?"

"கேட்டா குடுக்காம? அப்டியே, சின்ன பார்சல்தாங்கன்னு நம்ம தொக்கையும் குடுத்தேன். எம்புள்ள அவங்க பார்சல சொமந்தானே, எப்டி முடியாதும்பாங்க?"

தராசு வழக்கம்போல இரண்டரைக் கிலோ அதிகம் என்றதாம். அம்மா பெட்டியை விட்டு நகரவேயில்லை. ஓனரம்மா தொக்கைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் மகனுக்குச் சுட்ட அதிரசத்தையும் முறுக்கையும் எடுத்து வெளியே வைத்தார்.

"கொசுறு பத்தி சொன்னியாம்மா?"

"அவங்க கேக்கல."

தொக்கு டப்பாவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவன் ஓனரம்மா மகனேதான். அவன் முன்னாலேயே சோறு போட்டுப் பிசைந்து, ஒரு வாய்கூட நீட்டாமல் தின்று தீர்த்தேன். அவன் எழுந்து, வாசல் வரைக்கும் போய்த் திரும்பினான்.

"மச்சி, அந்தக் கம்பளி?"

"இன்னும் காயல," என்றேன்.